தாய்மாரும் பரோட்டாப் பொட்டலமும்

ஷிப்டு முடிந்து பெண்கள் வெளியே வரும் நேரத்தில் எந்தப் பஞ்சாலை வாசலிலாவது நின்று பாருங்கள். தள்ளுவண்டியில் கொத்துப் பரோட்டா கொத்தும் சத்தம் காதைத் துளைக்கும். பொட்டலத்தை வாங்கிப் பையில் திணித்துக்கொண்டு தாய்மார்கள் பஸ்ஸுக்கு ஓடுவார்கள். பிள்ளைகளுக்குப் போக மிஞ்சியதுதான் அவர்களுக்கு. ஒரு தலைமுறைக்கு முன்பு சம்பள நாளிலோ திருவிழாவிலோ மட்டும் தின்ற பண்டம், இன்று ராச்சாப்பாடாகிவிட்டது.

உடனே உபதேசம் பிறக்கிறது. தாய்மார்கள் சோம்பேறிகளாகிவிட்டார்களாம்! நாக்கு ருசிக்கு அடிமையாகிவிட்டார்களாம்! இப்படிச் சொல்லும் கனவான்களில் எத்தனை பேர் நாள் முழுவதும் நின்றபடி நூல் முடிந்துவிட்டு வந்து அடுப்பு மூட்டியவர்கள்?

உடம்பு கெடுகிறது என்பது உண்மைதான். சர்க்காரின் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் அளவுக்கு மிஞ்சிய எடை உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். அதே 2019-21 கணக்கில் ரத்தசோகை உள்ளவர்கள் 53.4 சதவீதம். உடம்பு பருக்கிறது, ரத்தம் வற்றுகிறது! இதற்குக் காரணங்கள் பல. ஆனால் மைதாவும் பாமாயிலும் வயிற்றை நிரப்புமே தவிர ரத்தத்தை ஊறச் செய்யாது.

இந்த மாறுதல் எப்படி வந்தது? கீழத் தஞ்சையில் கூலியை நெல்லாக அளந்த காலம் உண்டு. 1968 டிசம்பர் 25-ல் வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்றார்களே, அதற்கு முன் நடந்த போராட்டம் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டதுதான். அந்த நெல் கஞ்சியாயிற்று. வயல் நண்டும் வரப்புக் கீரையும் கூடச் சேர்ந்தன. அதைப் பொற்காலம் என்று பாட நாம் தயாரில்லை. அது அரைவயிற்றுக் கஞ்சி. பிறகு கூலி காசாயிற்று. அறுவடை மெஷின் வந்தது. வயலில் வேலை சுருங்க, பெண்கள் விடியுமுன் வேனில் ஏறி ஆலைக்குப் போகத் தொடங்கினார்கள். கையில் காசு வந்தது, நேரம் போயிற்று.

1983-ல் இந்தியச் சந்தைக்கு வந்த மாகி நூடுல்ஸ் "இரண்டு நிமிஷம்" என்றுதான் விளம்பரம் செய்தது. தாய்மாரிடம் இல்லாதது எது என்று கம்பெனிக்காரனுக்குத் தெரிந்திருந்தது. நமது சங்கங்களுக்குத் தெரிந்ததா?

ஆண் தோழர்களிடமும் ஒரு வார்த்தை. 2019-ல் சர்க்கார் எடுத்த நேரக் கணக்கின்படி, வீட்டு வேலை செய்யும் பெண் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிஷம். வீட்டு வேலை செய்யும் ஆண் 97 நிமிஷம். அதுவும் அதில் கை வைக்கும் ஆண்களை மட்டும் எண்ணியது! வாசல் கூட்டத்தில் எட்டு மணி நேர வேலைக்காக முழங்கிவிட்டு, வீட்டுக்குப் போய் "சோறு ஆயிற்றா?" என்று கேட்பவர் யோசிக்கட்டும்.

250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் வைக்கச் செய்ய 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே வழி செய்தது. எத்தனை ஆலைகளில் அது டீயும் வடையுமாக நின்றுபோயிற்று என்பது தொழிலாளர் அறிந்ததே. 2025 நவம்பர் 21-ல் அமலுக்குக் கொண்டுவந்த சட்டத் தொகுப்பை நாம் எதிர்க்கிறோம். தொழிலாளரின் உரிமைகளைப் பறிக்கும் தொகுப்பு அது. ஆனாலும் காண்டிராக்ட் தொழிலாளரையும் சேர்த்து 100 பேர் இருந்தாலே கேன்டீன் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. எழுதியதைக் கொடு என்று கேட்க நமக்கு என்ன தயக்கம்?

அடுத்த ஒப்பந்தக் கோரிக்கைப் பட்டியலில் போனஸுக்கும் பஞ்சப்படிக்கும் பக்கத்திலேயே இதையும் எழுத வேண்டும்: இரவு ஷிப்டு உள்பட எல்லா ஷிப்டுக்கும் பருப்பும் கீரையும் முட்டையும் உள்ள சூடான சாப்பாடு, உட்கார்ந்து தின்ன அரை மணி நேரம், கேன்டீன் கமிட்டியில் பெண் தொழிலாளர்கள். ஆலை இல்லாத கிராமத்துக்கு? 2013-ல் சென்னையில் ஒரு ரூபாய் இட்லி போட்டு சர்க்காரே சாப்பாட்டுக் கடை நடத்திக் காட்டியது. அந்தக் கடை ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்துக்கும் வரட்டும்; வேன் திரும்பி வரும் நேரத்தில் அதன் அடுப்பு எரியட்டும்.