மேலே ஒரு சாலை, கீழே நாம்

சென்னையிலிருந்து உறவினர் வருகிறார்கள் என்றால் நம் வீடுகளில் எழும் முதல் கேள்வி, "ஹவுராவா, சாந்த்ராகாச்சியா?" என்பதுதான். சாந்த்ராகாச்சி என்று பதில் வந்தால் எனக்குக் கோனா எக்ஸ்பிரஸ்வேதான் நினைவுக்கு வரும்.

1992 அக்டோபரில் வித்யாசாகர் சேது திறக்கப்பட்டது. அந்தப் பாலத்தை நெடுஞ்சாலையோடு இணைப்பது இந்தச் சாலை. நிப்ராவில் 16ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையைப் பிடித்தால் ஒடிசா, ஆந்திரம் வழியாகச் சென்னைக்கே போய்விடலாம். அந்த வகையில் இது நம் ஊர்ச் சாலையும்கூட!

பெயர்தான் எக்ஸ்பிரஸ்வே. 1958 டிசம்பரில் பிரிட்டனின் முதல் மோட்டார்வே பிரெஸ்டன் அருகே திறக்கப்பட்டபோது, அதில் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் அனுமதி இல்லை. குறுக்கே போகும் பாதைகளுக்குத் தனிப் பாலங்கள் கட்டினார்கள். இங்கோ வீடு, கடை, பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் எல்லாம் சாலையை ஒட்டியே இருக்கின்றன. லாரிகளுக்கு நடுவே மூட்டை முடிச்சுகளோடு மக்கள் கடக்கிறார்கள்.

2025 ஆகஸ்ட் 22 அன்று இச்சாலையின் மேல் 7.2 கிலோமீட்டர் நீள ஆறுவழி மேம்பாலச் சாலைக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டினார். மதிப்பீடு 1,200 கோடி ரூபாய்க்கும் மேல். வரவேற்க வேண்டிய திட்டம்தான். "வண்டிகள் மேலே போய்விட்டால் கீழே தொல்லை தீர்ந்தது" என்கிறார்கள் நண்பர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நெரிசல் குறைந்தால் கீழே வரும் வண்டிகளின் வேகம் கூடும். வேகம் கூடினால் கடப்பவருக்கு ஆபத்தும் கூடும். பஸ்ஸும் ரயிலும் அப்போதும் கீழேதான் இருக்கும்.

நடப்பவரை மறந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாந்த்ராகாச்சியே சாட்சி. 2018 அக்டோபர் 23 அன்று ரயில் நிலைய நடைமேம்பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் 2 பேர் உயிரிழந்தனர்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: மேலே தூண்கள் எழும்போதே கீழே நடைபாதையும், விளக்குகளும், முதியவரும் பெட்டியோடு வருபவரும் ஏறக்கூடிய லிப்ட் வசதியுள்ள நடைமேம்பாலமும் அமைய வேண்டும். கட்டி முடித்தபின் கேட்டால் "இடமில்லை" என்பார்கள். வங்காளி அண்டை வீட்டாரையும் சேர்த்துக்கொண்டு நம் சங்கம் ஒரு மனு தயாரித்தால் என்ன? முதல் கையெழுத்து என்னுடையதாக இருக்கட்டும்.