மிச்சம் பிடித்த மின்சாரம் எங்கே போகிறது?

'மேகத்தில் சேமியுங்கள்' என்றால் ஏதோ வானத்தில் வைப்பது போலத் தோன்றுகிறது. உண்மையில் மேகம் என்பது அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் நிற்கும் கட்டடம். உள்ளே அடுக்கடுக்காகச் சர்வர்கள். இரவும் பகலும் மின்சாரம், இரவும் பகலும் ஏசி. இந்த மேகத்துக்கு ஒரு புது வகைச் சிப் வந்திருக்கிறது, அது மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்கிறார்கள். மிச்சப்படுத்துமா?

அதன் பெயர் டிபியு, அதாவது தரவுச் செயலி. ஒரு கோப்பை மேகத்தில் போட்டால் அதைச் சுருக்க வேண்டும். பிறர் படிக்காதபடி குறியாக்கம் செய்ய வேண்டும். ஒரு வட்டு கெட்டாலும் கோப்பு திரும்பக் கிடைக்கும்படி துண்டாக்கிப் பல வட்டுகளில் வைக்க வேண்டும். இவ்வளவும் சர்வரின் சிபியு தலையில்தான் விழுந்து கொண்டிருந்தது. இந்த எடுபிடி வேலைகளைத் தனிச் சிப்பிடம் தள்ளிவிட்டால் சிபியு தன் வேலையைப் பார்க்கும். அமேசான் 2017இல் நைட்ரோ என்ற பெயரில் இதை அறிவித்தது. என்விடியாவிடம் புளூஃபீல்ட் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2023இல் ஃபஞ்சிபிள் நிறுவனத்தை வாங்கியதும் இதற்காகத்தான்.

பொறியியலில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதே வேலை குறைந்த மின்சாரத்தில் முடிகிறது. ஏமாற்று அடுத்த வரியில் வருகிறது: 'ஆகவே இது பசுமைத் தொழில்நுட்பம்.'

வேலை குறைந்த சிபியுவை யாராவது அணைத்து வைக்கிறார்களா? இல்லை, அது இன்னொருவருக்கு வாடகைக்குப் போகிறது. சர்வரின் திறன் அத்தனையும் விற்பனைக்கு என்பதுதானே இந்தச் சிப்பின் கவர்ச்சியே! நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் எந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று ஜெவன்ஸ் 1865இலேயே எழுதினார். சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி உலகத் தரவு மையங்கள் 2024இல் எடுத்த மின்சாரம் சுமார் 415 டெராவாட் மணி. 2030இல் அது 945 ஆகும் என்பது அதே முகமையின் மதிப்பீடு. மிச்சம் எங்கே?

திருப்பாலைவனத்தை அடுத்த பழவேற்காடு ஏரிக் குப்பங்களில் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். அங்கே 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடலாம் என்பதை ஊர் கூடி முறைவைத்துப் பிரித்துக் கொள்கிறது. நல்ல வலை வந்தால் இறால் மிஞ்சும் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. வலை எவ்வளவு நல்லதோ அவ்வளவு சீக்கிரம் ஏரி காலியாகும். காப்பாற்றுவது வரம்பு.

அந்த ஏரிக்குத் தெற்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல் மின் நிலையம். அதன் சாம்பல் எண்ணூர் கழிமுகத்தைக் கெடுத்த கதை பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2024 மார்ச்சில் அங்கே இன்னும் 800 மெகாவாட் சேர்ந்தது. சிறுசேரியில் எரியும் யூனிட் அத்திப்பட்டில் இருந்து வந்ததா, ஆரல்வாய்மொழிக் காற்றாலையில் இருந்து வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாதுதான். ஆனால் தேவை ஏற ஏற நிலக்கரி அடுப்பு அணையாது என்பது மட்டும் நிச்சயம்.

ஆக, டிபியு வேண்டாம் என்பதல்ல வாதம். தமிழக அரசின் 2021 தரவு மையக் கொள்கையில் சலுகைகள் இருக்கின்றன. சலுகை வாங்கும் ஒவ்வொரு மையமும் வருடத்துக்கு எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்தது என்று ஊரறியச் சொல்லட்டும். மொத்தத்துக்கு ஒரு வரம்பும் வைக்கட்டும். அதற்குப் பிறகு பசுமை என்று பெயர் சூட்டிக் கொள்ளலாம். அதுவரை இது பாடு இல்லாத ஏரியில் இறங்கிய புது வலை, அவ்வளவே.