காசிமேட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு

கல்விச் சுற்றுலா அனுமதிப் படிவத்தோடு இப்போது நிபந்தனைத் தாள் ஒன்றும் சேர்ந்து வருகிறது. உறுதிமொழிக் கடிதம், பெற்றோர் ஒப்புதல், வாகனத் தகுதிச் சான்று, முதலுதவிப் பெட்டி, மாணவியரோடு ஆசிரியை செல்வது எல்லாம் பழைய சங்கதிகள். அவற்றைத் தாண்டிப் போனால் தடித்த எழுத்தில் ஒரு வரி நிற்கிறது: கடற்கரை, ஆறு, ஏரி, முகத்துவாரம் உள்ளிட்ட நீர்நிலைப் பகுதிகளைப் பயணத் திட்டத்தில் தவிர்க்க வேண்டும். இதில் நம் இதழின் நிலை என்ன என்று பழவேற்காடு ஏரிப் பக்கத்து ஆசிரியர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். மழுப்பாமல் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த வரி சும்மா வந்ததல்ல. 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிப் பிள்ளைகள் போன படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தார்கள். ஏற்றியது அளவுக்கு மீறிய ஆட்களை. பலருக்கு உயிர்காப்புச் சட்டை இல்லை. அதே ஆண்டு டிசம்பரில் முருடேஸ்வரம் கடற்கரையில் கோலார் மாவட்டத்து உறைவிடப் பள்ளி மாணவிகள் நான்கு பேரை அலை இழுத்துப் போனது. உடன் போன ஆசிரியர்கள் கைதானார்கள். நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வந்தவர்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் போனார்கள். படகுச் சவாரிக்குத் தடை வந்தது அதன் பிறகுதான். விடுமுறை நாட்களில் அந்தத் தடைக்கு என்ன மரியாதை என்பது கரையில் அரை மணி நேரம் நின்றவர்களுக்குத் தெரியும்.

எனவே படகைப் பற்றி எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. பள்ளிக் குழுவில் வந்த பிள்ளை படகேறக் கூடாது. கணுக்கால் நனையும் அளவுக்குக்கூட அலையில் இறங்கக் கூடாது. நீச்சல் தெரிந்த பிள்ளையின் மேல்தான் முதல் கண் இருக்க வேண்டும். “குப்பத்துப் பையன் சார், அவனுக்கு நாம என்ன சொல்றது” என்று தோளைக் குலுக்கும் சக ஆசிரியர்களை எத்தனையோ பயணங்களில் பார்த்தாயிற்று. ஒரு மீட்டரைச் சுற்றியே ஆழமுள்ள ஏரியில் நீந்திப் பழகியவனுக்கு மெரினாவின் அடியிழுப்பு தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியும் என்று அவன் நினைத்துக்கொள்வதில்தான் ஆபத்து.

தாள் இந்த இடத்தோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையும் இங்கேயே முடிந்திருக்கும்.

சென்ற பருவத்தில் ஏரிக்கரைப் பிள்ளைகளுக்காகச் சென்னைப் பயணத் திட்டம் ஒன்று வகுக்க நானும் உடன் உட்கார்ந்தேன். எந்தப் பள்ளி, எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். திட்டம் எளியது. பேருந்தில் பொன்னேரி, அங்கிருந்து கும்மிடிப்பூண்டி தடத்துப் புறநகர் ரயில். அந்த ரயிலே பாதிப் பாடம். அத்திப்பட்டு வந்தால் நிலக்கரியும் சாம்பலும், எண்ணூருக்கு முன்னால் கழிமுகத்தின் மேல் பாலம், கீழே கொசஸ்தலையாறு. பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தங்கள் ஏரித் தண்ணீருக்கும் இந்தத் தண்ணீருக்கும் உறவு உண்டென்று சன்னலோரத்தில் உட்கார்ந்த பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். சென்னையில் முதல் இடம் காசிமேடு மீன்பிடித் துறைமுகம். அடுத்தது நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையம். அதன் பிறகு முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் உயிரின வளர்ப்பு நிறுவனத்தின் குஞ்சு பொரிப்பகம், அதாவது ‘சிபா’. நேரம் மிஞ்சினால் எழும்பூர் அருங்காட்சியகம்.

இந்தத் தேர்வுக்குக் காரணம் இருந்தது. கொடுவாய் மீனைக் கையில் வாங்கினாலே எடை சொல்லும் பிள்ளைகள் இவர்கள். அதே கொடுவாயைத் தொட்டியில் முட்டையிட வைத்துக் குஞ்சு பொரிக்கும் இடம் ஒரே நாளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. கழிமுகம் மூடிக்கொண்டால் மீன் என்ன ஆகும் என்று அவர்கள் கேட்டால் பதில் சொல்ல ஆராய்ச்சியாளர் ஒருவர் இருப்பார். வானிலை மையமும் அப்படித்தான். துறைமுகத்தில் ஏறும் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கேட்டுத்தான் இந்தப் பிள்ளைகளின் வீட்டில் உலை வைப்பதா என்பதே முடிவாகும். ஒன்றா, மூன்றா என்று முடிவு செய்யும் அறையை அவர்களுக்குக் காட்டுவதைவிட நல்ல புவியியல் வகுப்பு எனக்குத் தெரியவில்லை. அந்த வளாகத்தின் வேர் 1792-இல் தொடங்கிய மதராஸ் வான்காணகத்தில் இருக்கிறது என்பது உபரி.

திட்டம் திரும்பி வந்தது. காசிமேட்டின் மேல் ஒரு சிவப்புக் கோடு, முட்டுக்காட்டின் மேல் இன்னொன்று. ஓரத்தில் சின்ன எழுத்தில் ‘நீர்நிலை’. கீழே, மாற்று இடமாக, நகருக்கு வெளியே உள்ள கேளிக்கைப் பூங்கா ஒன்றின் பெயர். செயற்கை அலை எழுப்பும் குளமும் சறுக்குகளும் அங்கே பிரதான ஈர்ப்பு. சீட்டு வாங்கினால் அது நீர்நிலை ஆகாது போலிருக்கிறது.

சட்டம் சொல்வதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் இந்தத் தாள் அச்சத்தில் பிறந்தது. அச்சத்துக்கு மருந்து தெளிவு. 2014 ஜூனில் இமாச்சலத்தில் பியாஸ் ஆற்றங்கரைக்குப் போன ஐதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை லார்ஜி அணையிலிருந்து திடீரென்று திறந்த நீர் அடித்துப் போனது. அந்த வழக்கில் இமாச்சல உயர் நீதிமன்றம் இழப்பீட்டைப் பங்கு பிரித்தது. மின்வாரியத்துக்கு 60 விழுக்காடு, கல்லூரிக்கு 30, மாநில அரசுக்கு 10. பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போன நிறுவனத்துக்கும் பொறுப்பு உண்டு. தண்ணீரைத் திறந்தவருக்கு அதைப்போல் இரு மடங்கு உண்டு. நமக்கு வந்த தாளிலோ ஒரே ஒரு கையெழுத்துக்குத்தான் இடம். அது தலைமை ஆசிரியருடையது. படகுக்கு உரிமம் கொடுத்தவர், கரையில் எச்சரிக்கைப் பலகையும் உயிர்காப்பாளரும் வைக்க வேண்டியவர், சுற்றுலா நிறுவனத்துக்குக் குத்தகை விட்டவர், இவர்களில் ஒருவரும் எதிலும் ஒப்பமிடுவதில்லை. ஆசிரியரைக் கைது செய்வது சுலபம். அவர் விடியும்வரை பிள்ளைகளோடு மருத்துவமனை வாசலிலேயே நின்றுகொண்டிருப்பார்.

சரி, இதெல்லாம் நடைமுறைச் சிக்கல், பேசித் தீர்க்கலாம். எனக்கு நெஞ்சில் முள்ளாகக் கிடப்பது அந்த ‘நீர்நிலை’ என்ற சொல். இந்தப் பக்கத்தில் பல ஆண்டுகளாக நான் சலிப்பூட்டும் அளவுக்கு எழுதிவரும் விஷயம் இதுதான் என்பதை வாசகர்கள் மன்னிக்க வேண்டும்.

கோட்டைக்குப்பம், நடுவூர்மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் பிள்ளைகளுக்கு ‘பாடு’ என்றால் என்னவென்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எந்த வலைக்கு எந்த நாள் எந்த இடம் என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்ளும் ஏற்பாடு. பொதுச் சொத்தை ஊரே பங்கிட்டுக்கொள்வது எப்படி என்று குடிமையியல் பாடத்தில் நாம் மூச்சு முட்ட விளக்குவதை அவர்கள் இராச்சோற்றுப் பேச்சில் கேட்டு வளர்கிறார்கள். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அழைப்பார்கள். இறால் வரத்தை வைத்து முகத்துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். ஏரியின் வடக்கே, ஆந்திர எல்லைக்குள் இருக்கும் இரக்கம் தீவில் படகுதான் சாலை. அங்கே யாரிடமாவது ‘நீர்நிலைகளைத் தவிர்க்கவும்’ என்றால் எந்த வழியாக வீட்டுக்குப் போவது என்று கேட்பார்கள். இப்படி வளர்ந்த பிள்ளையிடம், உன் வீடு இருக்கும் இடம் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது, அங்கிருந்து உன்னைப் பாதுகாப்பாகக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துப் போகிறோம் என்கிறது இந்தத் தாள். நகரத்துப் பிள்ளை கடலைப் பார்க்க ஊருக்கு வந்தால் அது ‘சூழல் கல்வி’. குப்பத்துப் பிள்ளை நகரத்துக் கடலைப் பார்க்கப் போனால் அது ‘விதிமீறல்’.

முந்தைய ஒரு பயணத்தில் காசிமேட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது மணி ஒன்பதரை. ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் பக்கம் திரும்பி, “சார், இப்பப் போனா ஏலம் முடிஞ்சிருக்கும், கழுவி விட்டுட்டு ஐஸ் அள்ளிக்கிட்டு இருப்பாங்க” என்றாள். அதுவரை காசிமேட்டுக்குப் போனதே இல்லை அவள். போய்ப் பார்த்தோம், தளம் ஈரமாக இருந்தது, ஐஸ் அள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் தயாரித்து வைத்திருந்த குறிப்பேட்டுக் கேள்விகளில் முதல் மூன்றைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அன்றைக்கு விசைப்படகு உரிமையாளர் ஒருவரிடம் அவளும் இன்னும் இரண்டு பேரும் டீசல் கணக்கு கேட்டார்கள். ஒரு தங்கல் பயணத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை ஆள், பங்கு எப்படி. ஏரியில் மூங்கிலும் வலையுமாக நடக்கும் தொழிலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று திரும்பும் ரயிலில் சண்டையே நடந்தது. மதிப்பெண் போட அப்போது என்னிடம் படிவம் இல்லை.

அதிகாரம் உள்ளவர்களிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் இறங்கி எண்ணூர்க் கழிமுகத்தைக் கறுப்பாக்கியது. படகும் வலையும் போயின. மீனவர்கள் வாளியும் முறமுமாக எண்ணெய் அள்ளினார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் குழாய்கள் கசிந்து ஆற்றில் படிந்த கதை அதற்கும் பழையது. பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது உண்மை, குழுக்கள் வந்து போனதும் உண்மை. ஆனால் அந்த நீருக்குள் எதை விடக் கூடாது என்பதற்கு இவ்வளவு தடித்த எழுத்தில் ஒரு வரி எப்போது அச்சானது? கழிமுகத்தை ஆபத்தாக்கியவர்களுக்கு அவகாசம். அதை ரயில் சன்னல் வழியாகக் காட்ட நினைத்தவர்களின் திட்டத்துக்குச் சிவப்பு மை. பிள்ளைகள் பார்த்துவிட்டால் கேள்வி கேட்பார்கள் என்ற பயமோ என்றுகூட ஒரு நாள் தோன்றியது. கோபத்தில் தோன்றியது, ஆனாலும் எழுதிவிட்டேன், அச்சாகட்டும்.

இனி வேலைக்கு வருவோம். தாளில் கேட்க வேண்டிய திருத்தம் சிறியது. ‘நீர்நிலைப் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும்’ என்பதை ‘நீரில் இறங்குவதையும் படகேறுவதையும் தவிர்க்க வேண்டும்’ என்று மாற்றினால் போதும். துறைமுகத் தளம், ஆய்வு நிறுவனம், கலங்கரை விளக்கம், பாலம் எல்லாம் உள்ளே வந்துவிடும். பத்துப் பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று நாமே கூட்டிக்கொள்ளலாம். தளத்தின் விளிம்பிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பது என்று கயிறு பிடித்துக் காட்டலாம். ரயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் தலை எண்ணுவது நமக்குப் புதிதல்ல. பணம் வசூலிப்பதில் மட்டும் ஒரு யோசனை: நவம்பரில் கேட்காதீர்கள். மழையில் தொழிலுக்குப் போகாத வீடுகளில் அப்போது கையில் காசிருக்காது. இறால் பட்டதும், பொங்கல் கழித்து, இரண்டு தவணையாகக் கேட்டால் பாதி வகுப்பு விடுபட்டுப் போகாது.

மாதத்தையும் மாற்றிப் பார்க்கலாம். விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும்போது காசிமேட்டில் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும். தச்சரும் மெக்கானிக்கும் வலை பொத்துபவர்களும் பகல் முழுவதும் அங்கேதான். ஏலத்தைத் தவற விடும் கவலை இல்லை, நெரிசல் இல்லை, ஓடும் விசைப்படகு ஒன்றும் இல்லை. வெயில் கொளுத்தும், தொப்பியும் தண்ணீரும் கொண்டு போக வேண்டும். அந்த நாட்களில் ஒன்றைக் குறித்து, காசிமேட்டை மறுபடியும் முதல் வரியிலேயே எழுதி, மேலே சொன்ன திருத்தத்தையும் இணைத்து அனுப்பியிருக்கிறோம். பெற்றுக்கொண்டதற்கான முத்திரை மட்டும் இதுவரை வந்திருக்கிறது.