பரணில் கிடந்த பெட்டி



சென்ற மாதம் கோவை கோட்டைமேட்டு வீட்டுப் பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டி ஒன்று இறங்கியது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-இல் வெளியிட்ட ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல். 1990-களில் நம் இல்லங்களுக்கு வந்தவை பெரும்பாலும் இத்தகையனவே. கேசட்டின் மேல் '9999 ஆட்டங்கள்' என்றிருக்கும். எண்ணிப் பார்த்தால் சிலவே தேறும், மற்றவை அவற்றின் மறுபெயர்கள்!

அவற்றுள் ஒன்று, ஹட்சன் நிறுவனத்தார் 1986-இல் வெளியிட்ட 'அட்வென்சர் ஐலண்ட்'. தொப்பியணிந்த ஒருவன் கற்கோடரி எறிந்தபடி ஓடுகிறான். பழங்களைத் தின்றுகொண்டே இராவிடில் ஆற்றல் குன்றி மடிகிறான். நத்தை உரசினாலும் மரணம்தான். எட்டுப் பகுதிகள், ஒவ்வொன்றிலும் நான்கு சுற்றுகள். காடும் குகையுமாக அதே காட்சிகள் திரும்பத் திரும்ப. சிறந்த ஆட்டம் என்று நான் சொல்லமாட்டேன். 1985-இல் வந்த மரியோவின் நேர்த்தி இதில் இல்லை.

ஆயினும் என் தம்பிக்கு இதுவே உயிர். ஆடிய இடத்தைச் சேமித்து வைக்க வழியில்லாத ஆட்டம். ஒருநாள் ஏழாம் பகுதியை எட்டியவன், தொலைக்காட்சியை மட்டும் அணைத்துவிட்டு மஃரிபு தொழுகைக்குச் சென்றான். அம்மா மின்கட்டணத்தை எண்ணிச் சுவிட்சையே அணைத்துவிட்டார். மூன்று நாட்கள் அவன் அவரோடு பேசவில்லை.

இப்போது அவன் துபாயில் இருக்கிறான். முதற்சுற்றின் இறுதியில் மறைந்திருக்கும் தேனீயை எடுத்துவிட்டால், மடிந்த பின்னும் ஆட்டத்தைத் தொடரலாம் என்பதை அண்மையில்தான் அறிந்தேன். தொலைபேசியில் அவனிடம் சொன்னேன். சற்று நேரம் மௌனம்.

"சுவிட்சை அணைத்தால் அந்தத் தேனீ என்ன செய்யும் அண்ணே? அம்மாவிடம் போனைக் கொடுங்கள்" என்றான்.