இசைத்தட்டு உறையில் ஓர் ஊர்

எங்கள் வானொலி நிலையத்துப் பழைய இசைத்தட்டு அலமாரியை அடுக்கும் வேலை போன வாரம் என் தலையில் விழுந்தது. பீட்டில்ஸ் தட்டு ஒன்றைத் துடைத்தபோது உறையின் அடியில் ஒரு முகவரி: ஹேய்ஸ், மிடில்செக்ஸ், இங்கிலாந்து. இத்தனை வருடமாகப் பாட்டுப் போடுகிறேன், அந்த ஊரைப் பற்றி ஒன்றும் தெரியாது. அன்றிரவே தேடிப் படித்தேன்.

லண்டனுக்கு மேற்கே உள்ள புறநகர் அது. ரயில் பாதையும் கால்வாயும் இருந்ததால் சரக்கு ஏற்றி இறக்க வசதி. கிராமபோன் கம்பெனி 1907இல் அங்கே ஆலை கட்டத் தொடங்கியது. 1931இல் அது கொலம்பியாவுடன் இணைந்து இ.எம்.ஐ. ஆனது. அதே ஊரில் நெஸ்லே ஆலையும் இருந்தது. 1960களில் இ.எம்.ஐ.யில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்தார்கள். 1967இல் வந்த ‘சார்ஜன்ட் பெப்பர்’ தட்டும் அங்கேதான் அச்சானது. சி.டி. ஸ்கேன் கருவியை உருவாக்கி 1979இல் நோபல் பரிசு பெற்ற ஹவுன்ஸ்ஃபீல்டும் அங்கே வேலை பார்த்தவர்தான்.

எனக்குப் பிடித்தது வேறொரு தகவல். ஊர் முழுக்க ஆலைகள் பெருகிய 1920களில், உள்ளூர் நகர மன்றம் ‘பார்ரா ஹால்’ என்ற பழைய மாளிகையைத் தன் அலுவலகமாக்கிக்கொண்டது. மாளிகையைச் சுற்றியிருந்த தோட்டம் பொதுப் பூங்காவானது. பிறகு அங்கே திறந்தவெளி மேடையும் வந்தது. நாள் முழுக்க இயந்திரச் சத்தத்திலும் சூடான பிளாஸ்டிக் வாடையிலும் நின்றவர், ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய் உட்கார ஊருக்குள்ளேயே மர நிழல் கிடைத்தது.

அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்கிறேன். கேசட் வந்தது, சி.டி. வந்தது, இசைத்தட்டு ஆலை மூடப்பட்டது. நெஸ்லே 2014இல் கதவை அடைத்தது. ஆலை நிலங்களில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அந்த நகர மன்றமே 1965இல் ஹில்லிங்டனோடு சேர்க்கப்பட்டுவிட்டது. பூங்கா மட்டும் அங்கேயே இருக்கிறது.

இதை ஏன் இப்போது சொல்கிறேன்? எங்கள் குடியிருப்புத் திடலில் கடை வரிசை கட்டப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. “கடை வந்தா நம்ம பிள்ளைங்களுக்கு வேலை கிடைக்கும்மா,” என்றார் பக்கத்து வீட்டு அங்கிள். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அவர் மகன் வேலைக்காகத் தினமும் ஒன்றரை மணி நேரம் மோட்டார் ஓட்டுகிறான். ஆனால் ஹேய்ஸில் ஆலைக்காகப் பூங்காவை அழிக்கவில்லை, அங்கிள். இரண்டுக்கும் இடம் வைத்தார்கள்.

நாம் குடியிருப்புக்கே ‘தாமான்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். மலாயில் அதற்குத் தோட்டம் என்று பொருள். வரும் சனிக்கிழமை குடியிருப்பாளர் கூட்டம். மகளையும் கூட்டிக்கொண்டு போகிறேன், அவள் சைக்கிள் பழகிய திடல் அது. அங்கிளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் தாமானில் திடல் இருந்தால், இன்று மாலை ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.