பத்திரிகையும் தணிக்கையாளரும்

கோடியக்கரையை அடுத்த கடல் ஆழம் குறைந்தது. இரவில் வரும் கலத்திற்கு அங்குள்ள கலங்கரை விளக்கம் கரையின் அண்மையை உணர்த்தும். ஆயினும், கலத்தின் கீழ் எத்தனை பாகம் நீர் உளதென்பதை அது உரையாது. அதனை அறிய விழையும் மாலுமி, கயிற்றில் ஈயக்குண்டு கட்டி ஆழம் பார்த்தே தீரல் வேண்டும். கம்பெனிகளின் கணக்கை ஆராயும் தணிக்கையாளர்க்குப் பத்திரிகை இத்தகைய விளக்கே என்பது நம் கருத்து.

தணிக்கையாளர் கணக்கேடுகளை மட்டுமே நோக்கி முடிவு கூறுவர் என்று நாம் எண்ணுகிறோம். அவரும் காலையில் பத்திரிகை படிப்பவரே அன்றோ! ஜெனிபர் ஜோ என்னும் பேராசிரியை 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று ஈண்டுக் கருதத்தக்கது. தாம் முன்னரே அறிந்த செய்தியாயினும், அது பத்திரிகையில் பழிப்புரையாக வெளிவந்தவுடன், தணிக்கையாளர் அக்கம்பெனி முறிந்துவிடும் என்று மிகுதியும் அஞ்சினர். அதன் நிலையைப் பற்றி ஐயக்குறிப்பு எழுதவும் முற்பட்டனர். புதிய சான்று யாதும் இல்லை, ஆரவாரமே புதிது. அவ்வையக்குறிப்பைக் கண்டு கடன் கொடுத்தோர் பின்வாங்குவராயின், பிழைக்கக்கூடிய கம்பெனியும் வீழும். தொழிலாளர் குடும்பங்களும் உடன் வாடும்.

இகழ்ச்சியேயன்றிப் புகழ்ச்சியும் தீங்கு பயக்கும். ஊரார் போற்றும் ஒருவனை ஐயுறுதல் எளிதன்று. ஹைதராபாத்துச் சத்யம் கம்பெனி நல்லாட்சிக்கென்று 2008 செப்டம்பரில் ‘கோல்டன் பீகாக்’ விருது பெற்றது. 2009 ஜனவரி 7ஆம் நாள் அதன் தலைவர் இராமலிங்க ராஜு, கணக்கிற் காட்டிய தொகையுள் ஏறத்தாழ 5,040 கோடி ரூபாய் இல்லாத பணமே என்று தாமே ஒப்புக்கொண்டார். வங்கிகளை நேரே வினவியிருப்பின் இவ்வுண்மை பன்னாள் முன்னரே வெளிப்பட்டிருக்கும்.

அங்ஙனமாயின் தணிக்கையாளர் பத்திரிகையைப் புறக்கணித்தல் வேண்டுமோ எனின், அதுவும் பிழையே. ஜெர்மனியின் வயர்கார்டு கம்பெனியைப் பற்றி இலண்டன் ‘பைனான்சியல் டைம்ஸ்’ பல ஆண்டுகள் எச்சரித்தது. 2019இல் அந்நாட்டுக் கண்காணிப்பு நிலையம் பத்திரிகையாளர்மீதே புகார் செய்தது. தணிக்கையாளரும் அவ்வாண்டு முன்னைக் கணக்கிற்கு ஒப்பமிட்டனர். 2020 ஜூனிலோ, பிலிப்பைன்ஸ் நாட்டு வங்கிகளில் இருப்பதாகக் கூறப்பட்ட 190 கோடி யூரோ அங்கு இல்லை என்பது தெளிவாயிற்று.

ஆகவே, வினாவை எழுப்புதல் பத்திரிகையின் கடன். விடையைச் சான்றிலே தேடுதல் தணிக்கையாளர் கடன். கேட்டதைக் கேட்டவாறே கொள்ளாது மெய்ம்மை தேர்தலே அறிவென்பது வள்ளுவர் கொள்கை. உடன் சீடர் அனைவரும் ஒருமுகமாய் உரைத்தபோதும், காயத்தைத் தொட்டாலன்றி நம்பேன் என்றார் தோமா. விசுவாசத்தில் அது குறையெனினும், தணிக்கையில் அதுவே அறமாம். கணக்கியல் பயிலும் நம் கல்லூரித் தோழர் நாளை ஒப்பமிடப் புகும்போது, விளக்கையும் நோக்குக, ஈயக்குண்டையும் மறவற்க.