உப்புக் காற்றுக்கு இரையாகும் குரல்கள்

திருக்கோணமலைத் துறைமுகத்தின்மீது கண்வைக்காத வல்லரசு இல்லை. 1957ஆம் ஆண்டு பிரித்தானியக் கடற்படை அங்கிருந்து விலகிய நாள்தொட்டு இன்றுவரை அத்துறைமுகத்தைப் பற்றியும் அதன் எண்ணெய்த் தாங்கிகளைப் பற்றியும் எழுதப்பட்டவை ஏராளம். ஆனால் அதன் கரையில் வாழும் எம்மவர் வீடுகளில் ஓசையின்றி நடைபெறும் ஓர் அழிவைப் பற்றி எழுதுவாரைக் காண்பது அரிது. பழைய வானொலிப் பெட்டிகளும் கசற் இயந்திரங்களும் பழுதென்று ஒதுக்கப்பட்டுப் பழைய இரும்போடு எடைக்கு விலைபோவதையே நாம் குறிப்பிடுகிறோம்.

இஃதோர் அற்ப விடயமன்றோ எனக் கேட்பாருளர். பிபிசி தமிழோசையின் வானொலிச் சேவையே 2017 ஏப்ரல் 30ஆம் நாள் முடிவடைந்தபின் சிற்றலைப் பெட்டி எதற்கு என்பாருமுளர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1983இலும் 1990இலும் வீடிழந்து ஓடியவர், 2004ஆம் ஆண்டுக் கடற்கோளில் உற்றாரைப் பறிகொடுத்தவர் எம்மிடையே பலர். மறைந்த தாயின் பேச்சும், கோயில் திருவிழாவில் ஒலித்த நாதசுரமும் ஒரு கசற்றில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அதனைப் பேசவைக்கும் இயந்திரம் இல்லையேல், அக்குரல் இருந்தும் இல்லாததே.

பெட்டி ஊமையானதும் அதன் ஆயுள் முடிந்ததென்று கொள்வது பெருந்தவறு. பெரும்பாலான பழுதுகளுக்குக் காரணம் கடற்காற்றின் உப்பும், மாரிகாலத்து ஈரமும், நெடுநாள் இயக்காமையுமே. ஒலித் திருகைத் திருப்புகையில் கரகரத்தால், உள்ளே அழுக்குப் படிந்துள்ளது. மின்தொடுகைகளுக்கென விற்கப்படும் தெளிப்பானால் துப்புரவாக்கலாம். தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் கேட்டையே விளைக்கும். கசற் இழுபட்டு ஓடினால், பெரும்பாலும் இறப்பர் பட்டி தளர்ந்திருக்கும். ஒலி மங்கினால், நாடா உராயும் தலைப்பகுதியை ஐசோபுரொப்பைல் அற்ககோல் தோய்ந்த பஞ்சினால் துடைத்துப் பார்க்க வேண்டும். விடாத இரைச்சல், கண்டென்சர் எனப்படும் மின்தேக்கி உலர்ந்துவிட்டதைக் காட்டலாம். ஆனால் அதனைத் தொடுவது கைதேர்ந்தவரின் வேலை. 230 வோல்ற்று மின்னிணைப்பைக் கழற்றிய பின்னும் மின்தேக்கியில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அஃது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இன்னும் மூன்று எச்சரிக்கைகள். பயன்படாத பெட்டியினுள் பற்றரியை விட்டுவைத்தலாகாது. அது கசிந்து உலோகத்தை அரிக்கும். பூஞ்சணம் பிடித்த நாடாவை இயந்திரத்தில் ஓடவிடலாகாது. திருத்திய இயந்திரத்தை முதலில் வேண்டாத கசற் ஒன்றாலேயே சோதிக்க வேண்டும்.

தம்பலகாமத்து உழவர் நீரிறைக்கும் இயந்திரத்தைப் பருவந்தோறும் கழற்றித் துடைக்கிறார். நகரத்து வைத்தியரும் ஆசிரியரும் தம் வாகனங்களுக்குத் தவறாது எண்ணெய் மாற்றுகின்றனர். அந்த அக்கறையில் பத்திலொரு பங்கேனும் பரண்மீது கிடக்கும் பெட்டிக்கு வேண்டாமா?

தனியாரின் முயற்சி மட்டும் போதாது. இத்தொழிலறிந்த முதியோர் ஓய்வுபெறுமுன் அவர்தம் கைத்திறனை இளைஞர்க்குத் தமிழிலேயே கற்பிக்க எமது மாவட்டத்துத் தொழில்நுட்பக் கல்வி நிலையங்கள் முன்வர வேண்டும். ஒவ்வொரு வாசிகசாலையும் நன்கியங்கும் கசற் இயந்திரம் ஒன்றைப் பேணி, ஊரார் கொணரும் நாடாக்களைக் கணினியிற் படியெடுத்துக் கொடுக்க வேண்டும். நூலகம் நிறுவனம் 2005ஆம் ஆண்டு தொடக்கம் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணிவருகிறது. ஏட்டுக்குச் செய்வதைக் குரலுக்கும் செய்யலாம்.

புதுப் பெட்டியை எந்நாளும் வாங்கலாம்; போன குரலை வாங்க எக்கடையிலும் முடியாது. அடுத்த மாரி தொடங்குமுன் பரண்மீதுள்ள பெட்டியைக் கீழே இறக்குமாறு எம்மக்களை வேண்டுகிறோம்.